கணக்கு சாருக்கு முளைத்த கோரைப்பல்

‘அர்த்தஜாமப் பிரிவு’ என்ற பேய்த்தொடர் தொலைக்காட்சியில் ஐந்து வருடம் ஓடியது. இப்போதும் ஞாயிறு மாலைகளில் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு காட்சியைக்கூடக் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்காமல், தொடர் முழுவதையும் கரைத்துக் குடித்தவர் என்று யாரையாவது சொல்ல முடியுமானால் அது பல்லக்காதான்.

பட்டப்பெயரைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அக்காவின் பல்வரிசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறர் பல்தான் அவள் பிழைப்பு. கடைவீதியில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் செய்கிறாள். முன்னறையில் டாக்டர் பிடுங்குவார். பின்னறையில் அக்கா முளைக்க வைப்பாள். அந்த வட்டாரத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பாதிக்குமேல் அவள் கைவேலை. பஸ்ஸில் யாராவது பெரியவர் அவளைப் பார்த்துச் சிரித்தால், பதிலுக்குச் சிரிப்பதற்கு முன்னால் மேல்வரிசை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். அவளைவிட நாலைந்து வயது மூத்த டாக்டரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார். அந்த ஆஸ்பத்திரியில் மரியாதைக்குக் குறைவில்லை.

அக்கா ஒரு பயந்தாங்கொள்ளி. இதை மறைத்து அவள் வரலாற்றை எழுத முடியாது. மனிதத் தாடை அச்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறவள்தான். ஆனால் ‘அர்த்தஜாமப் பிரிவு’ தொடங்கும்போது ஒரு வயலின் கீச்சென்று இழுக்குமே, அது காதில் விழுந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அங்கே மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். தேவைப்பட்டால் காலி மிக்ஸியை ஓடவிடுவாள்.

அவள் வீட்டுக்காரர் நேர்மாறு. அவர் லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிப்ட் குழிக்குள் இருட்டில் தனியாக நிற்கிற மனுஷனுக்குப் பேய் ஒரு பொருட்டா? விளக்கை அணைத்துவிட்டு, சோபாவில் காலை நீட்டி, ராஜா மாதிரி பார்ப்பார். ஒரே ஒரு குறை, இரண்டாவது விளம்பர இடைவேளைக்குள் தூங்கிவிடுவார். இப்படியாக ஐந்து வருடத் தொடரின் எல்லா முதல் பாதிகளையும் அறிந்த அபூர்வ மனிதராக அவர் விளங்கினார்.

பார்க்கத்தான் பயமே தவிர, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அக்காவால் இருக்க முடியாது. காலையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள்.

“நேத்து அந்த இன்ஸ்பெக்டரம்மா கிணத்துக்குள்ள இறங்கினாங்களே, அப்புறம் என்னங்க ஆச்சு?”

“தெரியல. முழிச்சுப் பார்த்தா வானிலை அறிக்கை ஓடிக்கிட்டிருக்கு.”

“கிணத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னாவது தெரியுமா?”

“மழை இருக்காதாம்.”

எத்தனை நாள்தான் ஒரு மனுஷி இன்ஸ்பெக்டரைக் கிணற்றில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள்? இந்த நிலையில்தான் பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் அவளுக்கு அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. ‘அர்த்தஜாமப் பிரிவு – முதல் நாவல்’. அட்டையில் முக்கால் பங்கு நடிகரின் முகம். மீதிக் கால் பங்கில் நடிகையின் முகம். எழுதியவர் பெயர் பின்னட்டையில், விலைக்குப் பக்கத்தில், அதைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. தொடரின் புகழை வைத்து நாவல் எழுதித் தரும்படி கேட்கப்பட்ட அந்த எழுத்தாளர் தொடரைப் பார்த்திருந்தாரா என்பது ஆய்வுக்குரியது. முதல் நாவலில் இன்ஸ்பெக்டருக்கு நாய் ஒன்று இருக்கிறது. நாலாவதில் அது பூனை. ஆறாவதில், எழுத்தாளருக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ, “அந்தப் பிராணி” என்று மட்டும் வருகிறது.

அக்காவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. புத்தகத்தில் வயலின் கிடையாது. அதுதான் முக்கியம். கதவு கிறீச்சிடுகிற இடம் வந்தால் பக்கத்தில் விரலை வைத்து மூடிவிட்டு, ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துவிட்டு, மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்து திறக்கலாம். கதவு அதுவரை காத்திருக்கும். தொலைக்காட்சியில் எந்தக் கதவு அப்படிக் காத்திருக்கிறது?

கதையும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. போலீஸில் பேய்களை விசாரிக்க ஒரு தனிப்பிரிவு. அதன் தலைவி இன்ஸ்பெக்டரம்மா. அவளுடைய அண்ணன் செத்துப்போய் மூன்று வருடமாகிறது. ஆனாலும் ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறான். பிரிவுக்கு உதவியாக முந்நூறு வயது வைத்தியர் ஒருவர். முன்னொரு காலத்தில் ரத்தம் குடித்தவர், இப்போது திருந்திவிட்டார். திருந்தினாரே தவிர வாயைத் திறந்து சிரிப்பதில்லை. உதட்டை இறுக்கி மூடியே பேசுவார். உள்ளே கோரைப்பல் இருக்கிறதே. பல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அக்காவின் அன்பு முழுவதும் அவர்மேல்தான்.

இந்தக் கோரைப்பல் விஷயத்தில் வீட்டில் ஒரு பாடபேதம் உண்டு. தொடரில் வைத்தியருக்கு இடது பக்கம் மட்டும்தான் நீளப்பல்; வலது பக்கத்துப் பல் ஏதோ போரில் உடைந்துவிட்டது என்பது வீட்டுக்காரர் கட்சி. நாவல்களில் இரண்டு பக்கமும் உண்டு என்பது அக்கா கட்சி.

“டிவிதாம்மா அசல். உன் புத்தகம் அதைப் பார்த்து அடிச்ச டூப்ளிகேட்.”

“டூப்ளிகேட்ல முடிவாவது இருக்குங்க. உங்க அசல்ல மழைதான் இருக்கு.”

இதற்குமேல் அந்த வீட்டில் சண்டை வந்ததில்லை. மூல நூலும் உரையும் ஒரே கூரையின் கீழ் ஒற்றுமையாக வாழ்ந்தன.

ஆனால் வீட்டில் படிக்க வழியில்லை. அக்கா புத்தகத்தைத் திறந்தால் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இது எனக்குத் தெரியும்” என்று முதல் பாதியைச் சொல்லிவிடுவார். ஆகவே அவள் படிப்பு முழுவதும் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டர் அறையில்தான் நடந்தது. அதற்கு அந்தத் தொழிலே இடம் கொடுத்திருந்தது. பல்லை முதலில் மெழுகில் அடுக்க வேண்டும். டாக்டர் அதை நோயாளியின் வாயில் வைத்துச் சரிபார்த்த பிறகு, பித்தளைப் பெட்டிக்குள் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ரோஸ் நிற அக்ரிலிக் மாவை அடைக்க வேண்டும். பெட்டியை முடுக்கி வெந்நீரில் இறக்கிவிட்டால் அது பாட்டுக்கு வேகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஈறில் குமிழி விழுந்துவிடும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஆனால் ஆளுக்கு வேலை இருக்காது. இப்படியொரு ஏற்பாடு நாவல் வாசகர்களுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்பது அக்காவின் அபிப்பிராயம்.

டாக்டரின் அபிப்பிராயம் வேறு. அதற்கு அவரிடம் இரண்டு காரணங்கள் இருந்தன.

ஒருமுறை, திறந்து வைத்திருந்த இரண்டாம் நாவல் ஈர பிளாஸ்டர்மேல் கவிழ்ந்துவிட்டது. அக்கா எடுத்துத் துடைத்து வைத்தாள். மறுநாள் டாக்டர் ஒரு வங்கி அதிகாரியம்மாவுக்கு அவருடைய மேல்தாடை அச்சைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும்போது, அதன் அடியில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, “ரத்தம் சொட்டச் சொட்ட” என்று இரண்டு வரி இருந்தது. அந்த அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிப் பிடித்துப் படித்தே பார்த்துவிட்டார்.

இன்னொருமுறை ஒரு பெரியவர் போன் செய்து, செட் எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “பௌர்ணமி கழியட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். பெரியவர் பௌர்ணமிவரை காத்திருந்து, மறுநாள் குளித்து முழுகிப் பயபக்தியோடு வந்து நின்றார்.

அன்றைக்கு டாக்டர் பின்னறைக்கு வந்தார். அவர் குரலை உயர்த்துகிற ரகமில்லை.

“அக்கா, இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்துச்சுன்னா இந்த ரூமுக்குள்ள புக் வரக்கூடாது. ஒண்ணுகூட.”

“சரி டாக்டர்.”

“வாரப் பத்திரிகைகூட.”

“புரியுது டாக்டர்.”

புத்தகம் இல்லாத பிளாஸ்டர் அறையை அக்கா கற்பனை செய்து பார்த்தாள். கொதிக்கிற பெட்டியையும் அலமாரியில் வரிசையாக நின்று இளிக்கும் தாடைகளையும் மட்டும் பார்த்துக்கொண்டு மத்தியானங்களைக் கழிப்பது. எட்டு நாவல் முடிந்திருந்தது. இன்னும் நாலு பாக்கி. அன்றிலிருந்து புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டாள். போன் வந்தால் எழுந்து நின்று பேசினாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கணக்கு சார் வந்தார்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். நெட்டை. முகத்தில் ஒரு சுருக்கம்கூடச் சிரித்து வந்ததில்லை, எல்லாம் முறைத்து வந்தது. அந்த ஊரில் பெரிய ஆளாகிவிட்ட பலருக்கு இன்னமும் கனவில் வருகிறவர். நம் டாக்டர் அவரிடம் படித்தவர். ‘படித்தவர்’ என்பதைவிட ‘உயிர் பிழைத்தவர்’ என்பதே சரி. சார் பல் நாற்காலியில் சாய்ந்ததும், டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றுவிட்டார்.

“பார்க்கிறதுக்கு ஃபீஸ் வாங்குறே இல்ல? பாரு.”

“பார்க்கிறேன் சார்.”

அச்சு எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தபோது டாக்டருக்கு வேர்த்திருந்தது.

“அக்கா, ஞாயித்துக்கிழமை எங்க பேட்ச் பழைய மாணவர் சந்திப்பு. சார்தான் சிறப்பு விருந்தினர். குரூப் போட்டோ உண்டு. அதுக்குள்ள செட் ரெடியாகணும். இது சாதாரண வாய் இல்ல. ‘வெளிய போய் நில்லுடா’ன்னு என்னை ஒரு வருஷம் பூரா சொன்ன வாய்.”

“கவலைப்படாதீங்க டாக்டர். ரத்தினம் மாதிரி பண்ணிடறேன்.”

அக்கா அதை மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அதே வாரம் பழைய புத்தகக் கடைக்காரர் ஒன்பதாம் நாவலை எடுத்து வைத்திருந்தார். அதன் அட்டையில் வைத்தியர் முதல்முறையாக வாயைத் திறந்து சிரித்தார். எட்டு நாவல்களாக மூடிக் கிடந்த வாய். எப்பேர்ப்பட்ட செய்தி.

இங்கேதான் அக்கா தன் சட்டத்தை மீறினாள். பெட்டி வேகும்போது மட்டும்தான் வாசிப்பு, பல் அடுக்கும்போது கிடையாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். சாரின் முன்பற்கள் வரைக்கும் அதைக் காப்பாற்றினாள். பிறகு பிளாஸ்டர் குழைக்கும் ரப்பர் கிண்ணத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்தாள். மொட்டைமாடியில் பேய்க்கூட்டம் இன்ஸ்பெக்டரம்மாவைச் சுற்றி வளைக்கிறது. வைத்தியர் படியேறி வருகிறார். அக்கா வலது கோரைப்பல்லை மெழுகில் ஊன்றினாள். வைத்தியர் உதட்டைத் திறக்கிறார். இடது கோரைப்பல்லை ஊன்றினாள். வைத்தியர் சிரிக்கிறார். பேய்கள் தெறித்து ஓடுகின்றன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைவாய்ப்பல்லுக்குப் போனாள்.

இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிப்பதற்காகத்தான் மெழுகிலேயே ஒருமுறை வாயில் வைத்து ‘ட்ரையல்’ பார்க்கிற வழக்கம் இருக்கிறது. டாக்டர் வைத்தும் பார்த்தார். அதாவது, சாரின் வாயில் வைத்தார். பார்த்ததெல்லாம் சாரின் சட்டையின் இரண்டாவது பொத்தானை.

“சரியா இருக்குங்களா சார்?”

“நீதானே டாக்டர்?”

“ஆமா சார். சரியா இருக்கு சார்.”

பெட்டி வெந்தது. வெள்ளிக்கிழமை சார் செட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அக்கா மத்தியானம் ஒன்பதாம் நாவலை முடித்து, மூடி, அட்டையைச் சற்று நேரம் ரசித்தாள். எந்த நல்ல வாசகரும் செய்வதுதான். வைத்தியர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சிரிப்பை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நினைப்பு. எங்கே? நேற்றுத்தான், பாலிஷ் மெஷினில், தன் கையிலேயே.

அக்கா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். மிக்ஸி இருந்திருந்தால் ஓடவிட்டிருப்பாள்.

வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்தபோது, அவள் கைப்பையில் சின்ன அரத்தையும் மெருகுத்தாளையும் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“சாருக்கு ரெண்டு கோரைப்பல்லும் ஒன்றரை மில்லிமீட்டர் கீழ இறங்கிடுச்சுங்க. நாளைக்கு டாக்டர் பார்த்தா என் புக்கெல்லாம் போச்சு.”

“ஒன்றரை மில்லியா? லிப்ட் ஒன்றரை இஞ்ச் கீழ நின்னாலே ஜனங்க தாண்டிப் போயிட்டே இருப்பாங்க.”

“லிப்ட் சிரிக்காதுங்க. வண்டியை எடுங்க.”

திட்டம் எளிமையானது. விளிம்பு கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது, தேய்த்துத் தருகிறேன் என்று செட்டை வாங்க வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் தேய்த்துக் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் ஒன்றும் பேசக்கூடாது. இந்தக் கடைசி விதியை அவள் வழியில் நாலுதரம் சொன்னாள்.

சார் வீடு முதல்மாடி. அவரே கதவைத் திறந்தார். எதிர்வெயில் நேராக முகத்தில் விழ, “யாரு?” என்று கேட்கப் பாதி வாயைத் திறந்தார்.

லிப்ட் குழிக்குப் பயப்படாத மனுஷன் ஒரு படி கீழே இறங்கி நின்றார். “வைத்தியர்” என்றார் மெதுவாக.

“வைத்தியர் இல்ல. கணக்கு வாத்தியார். என்ன வேணும்?”

அக்கா முந்திக்கொண்டாள். “பல்செட் பண்ணினது நான்தான் சார். ஓரத்துல லேசா உறுத்தும். ரெண்டு நிமிஷம் குடுத்தீங்கன்னா தேய்ச்சுத் தந்துடறேன்.”

“எனக்கு உறுத்தலையே.” சார் அவளை மேலும் கீழும் பார்த்தார். “உனக்குத்தான் என்னமோ உறுத்துது போல. உள்ள வாங்க.”

கூடத்தில் மூன்று நாற்காலி. ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் அதைப் பார்த்தாற்போல் போடப்பட்டிருந்தன. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே கட்டிக்கொண்டது.

“சொல்லு.”

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அக்கா யோசித்தாள். அந்த இடைவெளி வீட்டுக்காரருக்குப் போதுமானதாக இருந்தது.

“சார், டிவியில இடது பக்கம் மட்டும்தான் சார் நீளம். இவ ரெண்டு பக்கமும் வெச்சுட்டா.”

“ஏங்க.”

“உண்மையைத்தானம்மா சொல்றேன்.”

“புத்தகத்துல ரெண்டு பக்கமும்தாங்க.”

“அது டூப்ளிகேட் சார்.”

சார் ஒரு விரலைத் தூக்கினார். இரண்டு பேரும் நிறுத்தினார்கள். எந்த நீதிமன்றத்திலும் இவ்வளவு சீக்கிரம் அமைதி வந்ததாகத் தகவல் இல்லை.

“ஒவ்வொருத்தரா. ஆரம்பத்துலேர்ந்து. ஒரு ஸ்டெப்பையும் விடாம.”

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வயலின், கிணறு, வைத்தியர், ரப்பர் கிண்ணம், மொட்டைமாடி. சார் கேட்டுக்கொண்டே எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தார். உதட்டைத் தூக்கி வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“ஆதாரம்?”

அக்கா கைப்பையிலிருந்து ஒன்பதாம் நாவலை எடுத்துப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “‘நிலவொளியில் அவருடைய கோரைப்பற்கள் இரண்டும் பளிச்சிட்டன.’ ம். இரண்டும்னு தெளிவா இருக்கு.” வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “உங்க ஆதாரம்?”

“நேர்லயே பார்த்திருக்கேன் சார்.”

“முழுசாவா?”

வீட்டுக்காரர் பொய் சொல்லாதவர். “முதல் பாதி மட்டும் சார்.”

“அப்ப பாதி மார்க்.”

தீர்ப்பு சொன்ன கையோடு புத்தகத்தைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். சார் தரவில்லை. பேய்கள் தெறித்து ஓடிய பிறகு என்ன என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு, இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று முதல் பக்கத்துக்கே போய்விட்டார். இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகலாமா என்று கேட்கிற தைரியம் இருவருக்கும் இல்லை. நடுவில் சார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“முந்நூறு வயசுங்கிறான். வைத்தியம் படிச்சு முடிச்ச வருஷத்தையும் சொல்றான். கழிச்சுப் பார்த்தா பன்னெண்டு வயசுல வைத்தியராகியிருக்கணும். தப்பு.” சிவப்பில் ஒரு சுழி போட்டார்.

“பன்னெண்டு வயசு வாக்குலதான் சார் மேல் கோரைப்பல்லே வரும்” என்றாள் அக்கா, வைத்தியரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

சார் யோசித்தார். “பல்லு வந்தவுடனே தொழிலை ஆரம்பிச்சிருக்கான். அப்ப சரி.” சுழியை அடித்துவிட்டு மேலே படித்தார்.

வெயில் தாழ்ந்தபோது புத்தகத்தை மூடினார். ஆனால் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு இந்தப் பல்லைப் போட்டுக்கிட்டுத்தான் போறேன்.”

“சார், தயவுசெஞ்சு சார். டாக்டர் பார்த்தாருன்னா ரூமுக்குள்ள புக்கே வரக்கூடாதுன்னுடுவாரு.”

“அவனா? அவன் என் மூஞ்சியைப் பார்க்கிறவனா இருந்தா ட்ரையல் அன்னிக்கே பார்த்திருப்பான்.” சார் நாற்காலியில் சாய்ந்தார். “சர்வீஸ் பூரா பசங்க என்னைப் பார்த்துப் பயந்தானுங்க. எதுக்குப் பயந்தோம்னு அவனுங்களுக்கே தெரியாது. நாளைக்குக் காரணத்தையாவது காட்டிடறேன். அது சரி, நீ எங்க உட்கார்ந்து படிப்பே?”

“செட் வேகறப்ப, பிளாஸ்டர் ரூம்லதான் சார்.”

“ம். முதல் எட்டும் உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு சார்.”

“ம்” என்றார் மறுபடியும். கணக்கு ஆசிரியர்களின் ‘ம்’முக்கு விடை பின்பக்கத்தில்தான் இருக்கும். அக்காவால் அங்கே எட்டிப் பார்க்க முடியவில்லை. பல்லும் போய், புத்தகமும் போய், வெறும் அரத்தோடு வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு அதிசயம் நடந்தது. வயலின் கீச்சென்று இழுத்தது. அக்கா சோபாவை விட்டு எழவில்லை. வீட்டுக்காரருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. தொலைக்காட்சியில் ஒரு சவப்பெட்டி திறந்தது, ஒரு கை வெளியே வந்தது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண், டிவிக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் இருந்தது. இந்நேரம் போட்டோ எடுத்திருப்பார்கள். இந்நேரம் டாக்டர் நிமிர்ந்து பார்த்திருப்பார். அன்றைய பகுதி முழுவதும் முடிந்து வானிலை அறிக்கையும் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாம் பாதியையும் பார்த்துவிட்ட வீட்டுக்காரர், “கை அந்த அண்ணனோடதுதாம்மா” என்று பெருமையாகச் சொன்னார். “தெரியும், மூணாவது நாவல்” என்று சொல்லிவிட்டு அக்கா படுக்கப் போனாள்.

திங்கட்கிழமை காலை அவள் செய்த முதல் வேலை, அலமாரியில் கீழ்த்தாடைகளுக்குப் பின்னால் வைத்திருந்த எட்டு நாவல்களையும் எடுத்துத் துணிப்பையில் போட்டதுதான். துரத்துவதற்கு முன்னால் தானாகவே போனால் புத்தகங்களுக்குக் கௌரவம். பிறகு ஒரு பெட்டியை வெந்நீரில் இறக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

டாக்டர் வந்து கதவைச் சாத்தினார். கையில் போன். அதை அவள் முன்னால் நீட்டினார்.

பழைய மாணவர்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். வழுக்கையும் தொந்தியுமாக ஒரு வகுப்பு. நடுவில் கணக்கு சார். சிரித்துக்கொண்டிருந்தார். சின்னச் சிரிப்பில்லை, வாய் கொள்ளாத சிரிப்பு. இரண்டு கோரைப்பற்களும் அட்டைப்படம் மாதிரி பளிச்சென்று இருந்தன. சுற்றி நின்றவர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து சிரித்ததில் படம் கொஞ்சம் ஆடியிருந்தது. ஓரத்தில் ஒருவர் மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது டாக்டர்.

“எல்லாரும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கறாங்க. சாரைச் சிரிக்க வெச்சிட்டியே, என்ன பண்ணினேன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நேத்து ராத்திரி போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன்.” டாக்டர் போனைப் பையில் போட்டார். “அக்கா.”

“டாக்டர்.”

“ரெண்டு.”

“ரெண்டுதான் டாக்டர்.” அக்கா துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். “எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டேன். சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன்.”

டாக்டர் பதறிப் பையைப் பிடித்தார்.

“எங்க கொண்டுபோறீங்க? மேடையிலயே சார் என் காதைப் பிடிச்சுட்டார், அக்கா. ஐம்பத்தி மூணு வயசு எனக்கு. ‘ட்ரையல் அன்னிக்கு எங்கடா பார்த்துக்கிட்டிருந்தே’ன்னாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள, ‘கவனம் பத்தல, படிக்கிற பழக்கம் இல்ல’ன்னுட்டாரு. வியாழக்கிழமை செக்கப்புக்கு வர்றாராம். அதுக்குள்ள முதல் நாவலை முடிச்சிருக்கணுமாம். வீட்ல படிச்சா செல்லாது, பல்லக்கா முன்னாடி உட்கார்ந்து படிக்கணும், அவகிட்ட விசாரிப்பேங்கிறாரு. அப்புறம் வாரம் ஒண்ணு.”

அக்காவுக்கு அந்த ‘ம்’மின் விடை இப்போதுதான் தெரிந்தது. முகத்தை மட்டும் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “நோட்ஸ் மாதிரி ஏதாவது இருக்கா?”

“நோட்ஸெல்லாம் இல்ல டாக்டர். முழுசாப் படிக்கணும்.”

“டிவியில பார்த்தா ஆகாதா?”

“டிவியில ஒரு பல்லுதான். சார் கேள்வி கேட்டா மாட்டிக்குவீங்க.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். கதவைத் திறந்து, முன்னறைப் பெண்ணிடம் அரைமணி யாரையும் அனுப்ப வேண்டாம், உள்ளே செட் வேகிறது என்று சொன்னார். திரும்பி வந்து, மெழுகு உருண்டைகளைத் தள்ளிவிட்டு, எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொதிக்கிற தண்ணீரில் பித்தளைப் பெட்டி மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்த முதல் நாவலுக்காகக் கையை நீட்டினார்.

அக்கா புத்தகத்தை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

“முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க டாக்டர். புக்குல மெழுகு ஒட்டிக்கும்.”